பாண்டிச்சேரில ரெண்டு ஹோட்டல்: கோத்தகிரில இருந்து போற அப்பா அம்மாவுக்கு எது சரி?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும். சீசன் முடிஞ்ச கையோட ஜூன்ல கோத்தகிரில இருந்து அப்பா அம்மாவ பாண்டிச்சேரி கூட்டிட்டு போகணும், மூணு ராத்திரி தங்கணும். அப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், முழங்கால் வலி இருக்கு. அம்மா கடல பாத்ததுன்னா எப்பவோ ராமேஸ்வரத்துல கோயில் கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்ததோட சரி. நீங்க ரெண்டு பூட்டிக் ஹோட்டல் பாத்து வச்சிருக்கீங்க. ஒண்ணு டவுனுக்குள்ள, தமிழர் பகுதில பழைய முற்றம் வச்ச வீட்ட ஹோட்டலா மாத்தினது, ரூம் பத்துகூட இல்ல. இன்னொண்ணு வடக்க செரினிட்டி பீச் பக்கம் புதுசா கட்டினது, நீச்சல் குளம் இருக்கு, ரூம்ல இருந்தே கடல் தெரியும். வாடகைல பெரிய வித்தியாசம் இல்ல. அம்மா காலைல கண்ண தொறந்தா கடல் தெரியணும்னு நீங்க ஆசைப்படறதால உங்க மனசு ரெண்டாவது பக்கம் சாயுது.

நான் முற்றம் வச்ச வீட்டத்தான் எடுக்க சொல்லுவேன். ஆனா அந்த ஹோட்டல்ல எந்த ரூம் குடுத்தாலும் சரின்னு எடுத்துடாதீங்க, தரைத்தளத்துல இருக்கற ரூம் கிடைச்சா மட்டும் எடுங்க. இப்ப குன்னூர்ல சின்னதா ஒரு ஹோம்ஸ்டே நடத்தறேன், அதுக்கு முன்னாடி பாண்டிச்சேரில ஒரு சின்ன ஹோட்டல்ல ஃப்ரண்ட் ஆபிஸ்ல ரொம்ப வருஷம் இருந்தேன், நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுங்க அங்க வந்து எதுல சந்தோஷப்படுவாங்க எதுல வாடிப்போவாங்கன்னு நேர்ல பாத்தவன்ங்கறதால இவ்வளவு உறுதியா சொல்றேன்.

முதல்ல வெயில். ஜூன் மாசம் பாண்டிச்சேரில 36, 37 டிகிரிங்கறது சாதாரணம், அதுக்கு மேலயும் போகும், அதவிட மோசம் புழுக்கம். அக்னி நட்சத்திரம் மே கடைசியிலயே முடிஞ்சிருச்சேன்னு நினைப்பீங்க, ஆனா அந்தப்பக்கம் ஜூன் பூராவும் சூடுதான், ஏன்னா அங்க பெரிய மழை ஐப்பசி கார்த்திகைலதான். ஜூன்ல மேற்கு காத்து பலமா இருக்கற நாள்ல கடக்காத்து கரைக்கு வர மதியம் தாண்டிடும், சில நாள் சாயங்காலம்தான் வரும். நம்ம கோத்தகிரில அதே நேரத்துல மஞ்சு மூடி ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்போம். அதனால உங்க அப்பா அம்மாவுக்கு ஒரு நாள் எப்படி போகும்னு மணி வாரியா யோசிச்சு பாருங்க. காலைல அஞ்சரைல இருந்து எட்டரை வரைக்கும் வெளிய இருக்கலாம். அப்புறம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ராத்திரி ஒம்பது வரைக்கும். நடுவுல இருக்கற அத்தன மணி நேரமும் ஹோட்டலுக்குள்ளதான். அப்ப ஹோட்டல் எடுக்கறப்ப கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு. காலைலயும் சாயங்காலமும் அவங்களா நடந்து வெளிய போயிட்டு வர முடியுமா, மதியம் பூரா உள்ள உக்காந்திருக்க மனசுக்கும் உடம்புக்கும் இதமா இருக்குமா. கடல் தெரியுதாங்கறது மூணாவதுதான்.

கடற்கரை ஹோட்டல எடுத்துக்குவோம். செரினிட்டி பீச்ங்கறது தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம் தாண்டி, கணக்குப்படி பாண்டிச்சேரியே இல்ல, விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. டவுனுக்கு நாலஞ்சு கிலோமீட்டர்தான், ஆனா நடுவுல ஈசிஆர் ரோடு இருக்கு, சனி ஞாயிறுன்னா சென்னை வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். அப்பாவால வெளிய வந்து நடந்து எங்கயும் போக முடியாது. ஒரு பேப்பர் வாங்கணும்னாலும் ஒரு காபி குடிக்கணும்னாலும் நீங்க வண்டி எடுக்கணும், இல்ல ஆட்டோ கூப்பிடணும். ராத்திரி எட்டு மணிக்கு மேல அந்த சந்துங்கள்ல ஆட்டோ பிடிக்கறது சுலபம் இல்ல. வாத்தியாரா இருந்தவரு, தினமும் காலைல கடைவீதி வரைக்கும் நடந்து பழகினவரா இருப்பாரு. அவர மூணு நாள் ஒரு நீச்சல் குளத்துக்கு பக்கத்துல உக்கார வச்சா ரெண்டாவது நாளே "எப்ப கெளம்பறோம்"னு கேட்பாரு.

அடுத்தது அந்தக் கடலே. வெப்சைட் போட்டோல நீளமா மணல் தெரியும். எப்ப எடுத்த போட்டோன்னு பாருங்க. 1980கள்ல தெற்க அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காக அலைதடுப்பு சுவர் கட்டினாங்க. இந்தக் கரைல வருஷத்துல பெரும்பகுதி மணல் தெற்க இருந்து வடக்க நகந்துட்டே இருக்கும். சுவர் அத பிடிச்சு நிறுத்திருச்சு, வடக்கப்பக்கம் மணல் வரத்து நின்னு போயி கடல் கரைய தின்ன ஆரம்பிச்சிருச்சு. டவுன்ல பீச் ரோட்டோரமா அவ்வளவு கருங்கல் கொட்டி கிடக்கறதுக்கு காரணமும் இந்தக் கடலரிப்புதான். இன்னும் வடக்க மீனவர் குப்பங்கள காப்பாத்த கல்லு கொட்டி கடலுக்குள்ள நீட்டி நீட்டி தடுப்பு போட்டிருக்காங்க. செரினிட்டி பக்கமும் அப்படித்தான், தடுப்புக்கு ஒரு பக்கம் மணல் இருக்கும், இன்னொரு பக்கம் கல்லுதான். ஆக மணல்ல காலார நடக்கலாம்னு நினைச்சு போனா முழங்கால் வலிக்கற ஆளுக்கு அது சுகமான நடையா இருக்காது. குளிக்கறதுக்கு அந்தக் கடல் சுத்தமா வேணாம். இழுப்பு ஜாஸ்தி, கல்லு வேற இருக்கு, வெளியூர் பசங்க எறங்கி உசுரு போன சேதி அந்தக் கரைப்பக்கம் திரும்ப திரும்ப வர்றதுதான். அம்மா கால் நனைக்கணும்னா நீங்க கைய பிடிச்சுட்டு கணுக்கால் அளவு தண்ணில நில்லுங்க, அதோட போதும்.

ரூம்ல இருந்து கடல் தெரியறதுலயும் ஒண்ணு இருக்கு. அங்க கடல் கிழக்க. ஜூன்ல அஞ்சே முக்கால் வாக்குல சூரியன் வந்துடும். கிழக்க பாத்த பெரிய கண்ணாடி ஜன்னல்னா முதல் அரைமணி நேரம் சொர்க்கம், ஏழு மணிக்கெல்லாம் திரைய இழுத்து மூடிடுவீங்க, பதினொரு மணி வரைக்கும் தொறக்கவே முடியாது. ஏசி ஓடிட்டே இருக்கும். உப்புக்காத்துல ஏசியோட வெளி யூனிட் சீக்கிரம் துரு பிடிக்கும், கடலோரம் இருக்கற சின்ன ஹோட்டல்கள்ல அடிக்கடி ரிப்பேருக்கு நிக்கறது அதுதான், சீசன் இல்லாத மாசத்துல ஆள் வந்து சரி பண்ண நேரமாகும். இன்னொரு விஷயம், கடல பாத்த ரூம்னு சொல்றதும் கடல் தெரியற ரூம்னு சொல்றதும் ஹோட்டல்காரங்க பாஷைல வேற வேற. ரெண்டாவது சொன்னா பால்கனி ஓரத்துல நின்னு கழுத்த திருப்பினா தென்னமரத்துக்கு நடுவுல ஒரு துண்டு நீலம் தெரியும்னு அர்த்தமா இருக்கலாம். அந்த ரூமோட ஜன்னல்ல இருந்து எடுத்த போட்டோ அனுப்ப சொல்லி கேட்டாத்தான் தெரியும்.

இப்ப முற்றம் வச்ச வீடு. பாண்டிச்சேரி டவுன நடுவுல பெரிய வாய்க்கால் ஓடி ரெண்டா பிரிக்குது, கிழக்க கடல ஒட்டி பிரெஞ்சுக்காரங்க இருந்த பகுதி, மேற்க தமிழர் பகுதி. இந்த மேற்குப்பக்கம்தான் பழைய செட்டியார், முதலியார் வீடுங்க, தெருவுல திண்ணை, அதுக்கு மேல மரத்தூண் வச்ச தாழ்வாரம், உள்ள போனா முற்றம், முற்றத்த சுத்தி ரூம். இதுல வைசியால் வீதின்னு ஒரு தெரு இருக்கு, வரிசையா வீட்டு முகப்ப எல்லாம் பழையபடி சரி பண்ணினதுக்கு 2008ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சுது. அந்தத் தெருவுல காலைல ஆறரை மணிக்கு ஒரு நடை நடந்தாலே போதும், இந்த ஊருக்கு வந்தது வீண் போகலன்னு தோணும்.

இந்த வீடுங்க வெயிலுக்குன்னே கட்டினது. சுவர் தடிமன், கூரை உயரம், மேல தேக்கு உத்தரத்துல செங்கல்ல குத்துக்கல்லா அடுக்கி சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ். சூடு மேல ஏறி முற்றம் வழியா வெளிய போயிடும், கீழ நிழல்ல காத்து நகந்துட்டே இருக்கும். மதியம் ரெண்டு மணிக்கு ஒரு ஊஞ்சல்லயோ ஈசி சேர்லயோ அப்பா புத்தகத்தோட உக்காந்தாருன்னா நாலு மணி வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு. ஏசி ரூமுக்குள்ள நாள் பூரா அடைஞ்சு கிடக்க வேண்டியதில்ல, அதுதான் வயசானவங்களுக்கு பெரிய விஷயம்.

ஆனா இதுல நீங்க ஒண்ணு கவனிக்கணும், இத யாரும் எழுத மாட்டாங்க. முற்றத்துக்கு மேல என்ன இருக்குன்னு போட்டோல பாருங்க. வானம் நேரா தெரிஞ்சா நல்லது. மழை உள்ள வருதுன்னு சில ஹோட்டல்ல மேல கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் ஷீட்ட போட்டு அடைச்சிருப்பாங்க, ஓரத்துல காத்து போக இடமே விட்டிருக்க மாட்டாங்க. அப்படி இருந்தா அந்த வீட்டோட உசுரே போச்சு. நம்ம பக்கம் கார்னேஷன் பூ வளக்கற பாலிஹவுஸ்ல, அந்த பிளாஸ்டிக் ஷீட் கூடாரத்துல, மதியம் நின்னு பாத்திருப்பீங்கல்ல, அதே கதைதான். ஷீட் இருந்தாலும் சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டடி இடைவெளி விட்டு உயர்த்தி போட்டிருந்தா பரவால்ல. போட்டோல தரைல விழற வெளிச்சம் பளிச்சுனு கோடு பிரிஞ்சு விழுந்தா தொறந்த முற்றம், பால் மாதிரி மங்கலா எல்லாப்பக்கமும் ஒரே சீரா இருந்தா ஷீட்டா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

ரெண்டாவது, மாடி ரூம் வேண்டவே வேணாம். அழகா இருக்கும், மரப்படி ஏறி போற மாதிரி வச்சிருப்பாங்க, போட்டோவுக்கு அதத்தான் போடுவாங்க. அந்தப் படி செங்குத்தா இருக்கும், ஒரு பக்கம்தான் கைப்பிடி. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ அப்பா ஏறி எறங்கினா மறுநாள் பீச்சுக்கு வர மாட்டாரு. அதுவும் போக மேல் மாடி ரூம் நேரா மொட்டை மாடிக்கு கீழ இருக்கு, பகல் பூரா வாங்கின சூட்ட ராத்திரி பத்து பதினொண்ணு வரைக்கும் கூரை எறக்கிட்டே இருக்கும்.

மூணாவது, பாத்ரூம் படி. பழைய வீட்ட ஹோட்டலா மாத்தறப்ப தரைய தோண்டி பைப் போட முடியாத எடத்துல தரைக்கு மேலயே பைப்ப விட்டு அதுக்கு மேல ஒரு மேடை கட்டி பாத்ரூம் வச்சிருப்பாங்க. அதனால ரூம்ல இருந்து பாத்ரூமுக்குள்ள ஆறு இன்ச்ல இருந்து ஒரு அடி வரைக்கும் ஏறணும். ராத்திரி தூக்கக் கலக்கத்துல எழுந்து போற வயசானவங்க தடுக்கி விழறது இந்த எடத்துலதான், நான் வேலை பாத்த எடத்துல ரூம் குடுக்கறப்ப இத சொல்லாம சாவி குடுக்க மாட்டோம். அதனால போன்ல கேக்கறப்ப "பாத்ரூம் வாசப்படி தெரியற மாதிரி ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்புங்க"ன்னு கேளுங்க. நல்ல ஹோட்டல்காரங்க அஞ்சு நிமிஷத்துல எடுத்து அனுப்பிடுவாங்க. தெருவுல இருந்து திண்ணை ஏறறதுக்கும் மூணு நாலு படி இருக்கும், அதுக்கு கைப்பிடி இல்லன்னா நீங்க கூட நின்னா சரியா போயிடும்.

இந்த மாதிரி வீட்டுல குறை என்னன்னா சத்தம். முற்றத்த சுத்தி ரூம்ங்கறதால ஒருத்தர் முற்றத்துல உக்காந்து போன் பேசினா நாலு ரூமுக்கும் கேக்கும், காலைல டிபன் தட்டு அடுக்கற சத்தம் எல்லாம் கேக்கும். வார நாள்ல இது பெரிய பிரச்சனை இல்ல. வெள்ளி சனி ஒரு நண்பர் கூட்டம் மொத்தமா நாலு ரூம் எடுத்திருந்தா தூக்கம் போச்சு. கொசுவும் உண்டு, முற்றத்துல செடி தொட்டி, தண்ணி தொட்டி வச்சிருந்தா சாயங்காலம் ஆறு மணிக்கு ரூம் கதவ மூடிடுங்க.

கடற்கரைக்கு எவ்வளவு தூரம்னு கேப்பீங்க. தமிழர் பகுதில இருந்து பீச் ரோட்டுக்கு தெருவ பொறுத்து ஒரு கிலோமீட்டர் சுத்துல வரும். அப்பாவுக்கு போறப்ப ஆட்டோ, வர்றப்ப முடிஞ்சா நடை. பீச் ரோடு சாயங்காலம் ஆறு மணில இருந்து மறுநாள் காலைல ஏழரை வரைக்கும் வண்டியே கிடையாது, மொத்த ரோடும் நடக்கறவங்களுக்குத்தான். சமதளம், பள்ளம் மேடு இல்ல, எங்க வேணும்னாலும் உக்காந்துக்கலாம். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுக்காரங்க போர் நினைவுச் சின்னம் எல்லாம் வரிசையா வந்துடும். நம்ம ஊர்ல எங்க நடந்தாலும் ஒண்ணு ஏத்தம் இல்ல எறக்கம், முழங்கால் வலிக்காரங்களுக்கு அந்த சமதள நடை எவ்வளவு சுகம்னு அப்பா நடந்து பாத்துதான் தெரிஞ்சுக்குவாரு. தலைமைச் செயலகத்துக்கு முன்னாடி கடலுக்குள்ள செயற்கை திட்டு போட்டதுக்கு அப்புறம் கொஞ்சம் மணலும் சேந்திருக்கு. அம்மாவ அஞ்சரை மணிக்கு அங்க கூட்டிட்டு போங்க. ரூம் ஜன்னல்ல பாக்கறதவிட, எதிர்ல ஒண்ணுமே இல்லாம கடலுக்குள்ள இருந்து சூரியன் வர்றத நின்னு பாக்கட்டும்.

அப்பா விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் முடிவு பண்ற விஷயமா படுது. பாரதியார் 1908ல இருந்து 1918 வரைக்கும் பாண்டிச்சேரிலதான் இருந்தாரு. அவர் இருந்த வீடு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல இருக்கு, இப்ப நினைவில்லம். பாரதிதாசன் இருந்த வீடு பெருமாள் கோயில் தெருவுல, அதுவும் அருங்காட்சியகம். ரெண்டுமே தமிழர் பகுதி, நீங்க பாத்து வச்சிருக்கற ஹோட்டல் வட்டாரம். வாழ்நாள் பூரா பசங்களுக்கு அந்தப் பாட்டெல்லாம் சொல்லிக்குடுத்த மனுஷன், அந்த வட்டாரத்துலயே தங்கி, காலைல காபி குடிச்சுட்டு உங்க துணை கூட இல்லாம அவரா நடந்து பாரதியார் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம். அதே மாதிரி ஒரு முற்றம் வச்ச வீட்டுல தங்கியிருக்கறதால அந்த வீட்டுக்குள்ள போனதும் எது எங்க இருந்திருக்கும்னு அவருக்கு தானா புரியும். செரினிட்டில தங்கினா இது வண்டில போயி பாத்துட்டு வர்ற இன்னொரு எடம், அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் மணக்குள விநாயகர், வேதபுரீஸ்வரர், வரதராஜப் பெருமாள் எல்லாம் கிட்டத்துலதான். பெரிய சர்ச் பாக்கணும்னா மிஷன் வீதில சம்பா கோயில் இருக்கு. அரவிந்தர் ஆசிரமம் வாய்க்காலுக்கு கிழக்க, மதியம் மூடிடுவாங்க, காலைலயே போயிட்டு வந்துடுங்க. நேரு வீதில இந்தியன் காபி ஹவுஸ் இருக்கு, அப்பாவுக்கு பிடிக்கும்.

அப்ப பிரெஞ்சு பகுதிலயே எடுத்தா என்னன்னு ஒரு கேள்வி வரும். எடுக்கலாம், கடல் ரெண்டு தெரு தள்ளி. ஆனா அதே தரத்துக்கு அங்க வாடகை தூக்கலா இருக்கும், நல்ல ரூமெல்லாம் பெரும்பாலும் மாடில, வாசல்ல மஞ்ச சுவர் முன்னாடி நாள் பூரா போட்டோ எடுக்கற கூட்டம். உங்க பட்ஜெட்டுக்கு அங்க கிடைக்கற ரூமவிட இங்க கிடைக்கற ரூம் நல்லா இருக்கும்.

கடல் தெரியற ஹோட்டல் ஆசைய அப்படியே விட வேணாம். அந்த ரெண்டாவது ஹோட்டலுக்கே போன் பண்ணி ரெஸ்டாரண்ட்டுக்கு வெளி ஆளுங்கள விடுவாங்களான்னு கேளுங்க, அந்தப்பக்கம் நெறைய எடத்துல விடறாங்க. ஒரு நாள் நாலரை மணிக்கு போங்க, கட்டடத்தோட நிழல் கடல் பக்கம் விழுந்திருக்கும், டீ சொல்லி உக்காந்து அலைய பாத்துட்டு ஏழு மணிக்கு டவுனுக்கு வந்துடுங்க. அந்த ஹோட்டல்ல நல்லா இருக்கற நேரம் அதுதான், அத மட்டும் எடுத்துக்கலாம்.

இப்ப தேதி. ஜூன் ரெண்டாவது வாரம்னு சொல்லியிருந்தீங்க, ஒரு வாரம் தள்ளுங்க. கிழக்கு கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், பாண்டிச்சேரிக்கும் அதேதான். விசைப்படகு எதுவும் போகாது, நாட்டுப்படகுல வர்ற கொஞ்ச மீன்தான், விலையும் ஏறி இருக்கும், ஹோட்டல்ல ஐஸ் மீன்தான் வரும். இவ்வளவு தூரம் போயிட்டு நல்ல வஞ்சிரம், சங்கரா சாப்பிடாம வர்றது பாவம். தடை முடிஞ்சு படகு போயி திரும்பினதுக்கு அப்புறம் போங்க.

கிழமைன்னா திங்கள் போயி வியாழன் திரும்புங்க. வெள்ளி சனி சென்னைக்காரங்களும் பெங்களூருக்காரங்களும் வந்து நெறைச்சிடுவாங்க, வாடகையும் வேற. ஞாயிறு போனா இன்னொரு தொல்லை, மகாத்மா காந்தி ரோட்டுல சண்டே மார்க்கெட், தமிழர் பகுதிக்குள்ள கார கொண்டு போறதுக்குள்ள போதும்னு ஆயிடும். திங்கக்கிழமை மியூசியம் லீவு, அது பரவால்ல, முதல் நாள் எப்படியும் அலுப்புலதான் இருப்பீங்க, பாக்கறதெல்லாம் செவ்வாய் புதன்ல வச்சுக்கோங்க.

கார்ல போறதுன்னா விடிகாலை அஞ்சுக்கு கோத்தகிரி விட்டு, அரவேணு, குஞ்சப்பனை வழியா மேட்டுப்பாளையம் எறங்கி, கோவைக்குள்ள போகாம அன்னூர், அவினாசி பிடிச்சு, சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். நின்னு நின்னு போனாலும் மூணு நாலு மணிக்கு ரூம்ல இருக்கலாம், செக் இன் நேரமும் சரியா வரும். நைட் பஸ்னா விடிகாலைல எறக்கி விட்டுடுவான், ரூம் மதியம்தான் கிடைக்கும், வயசானவங்கள வச்சுட்டு அந்த ஆறேழு மணி நேரம் ரொம்ப கஷ்டம். அப்படித்தான் போகணும்னா சீக்கிரம் ரூம் குடுப்பாங்களான்னு முன்னாடியே கேட்டு மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க. வாடகைக்கார் எடுத்தா நம்ம நீலகிரி பதிவு டிஎன் 43 வண்டியா பாத்து எடுங்க, வெளி வண்டின்னா திரும்ப மலை ஏற இ-பாஸ் போடணும். கார் நிறுத்தற எடம் எங்கன்னு ஹோட்டல்ல கேளுங்க, தமிழர் பகுதி தெருவெல்லாம் குறுகல், நெறைய ஹோட்டலுக்கு சொந்த பார்க்கிங் கிடையாது.

வாடகைல ஒரு சின்ன கணக்கு இருக்கு. ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபா வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் மொத்தத்துக்கும் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22ல இருந்து இப்படி. 7,400 ரூம்னா கைல இருந்து போறது 7,770. 7,800 ரூம்னா 9,204. நானூறு ரூபா ஜாஸ்தியான ரூம் கடைசில ஆயிரத்து நானூறுக்கு மேல ஜாஸ்தியாயிடுது. அதனால 7,500க்கு பக்கத்துல மேல இருக்கற ரேட் சொன்னாங்கன்னா "வார நாள்தானே, 7,500க்குள்ள போடுங்க"ன்னு கேளுங்க, ஜூன் மாசம் வார நாள்ல பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. ஆப்ல புக் பண்ணினா ஹோட்டலுக்கு நல்ல ஒரு பங்கு கமிஷன் போயிடும், நேரா போன் பண்ணினா விலையவிட முக்கியமா ரூம் எது வேணும்னு நீங்க சொல்ல முடியும். நம்பர் மட்டும் ஹோட்டலோட சொந்த வெப்சைட்ல இருந்து எடுங்க, தேடறப்ப மேல வர்ற நம்பர நம்பி முழுப் பணத்த ஜிபே பண்ணிடாதீங்க, போலி நம்பர்ல பணம் போனவங்க இருக்காங்க. ஒரு ராத்திரி வாடகை மட்டும் அட்வான்ஸ் போட்டு, ரூம் நம்பரோட மெயில் வாங்கிக்கோங்க.

போன்ல இன்னும் ரெண்டு மூணு கேளுங்க. ரூம்ல ஏசியோட சேத்து சீலிங் ஃபேனும் இருக்கான்னு. நம்ம வீடுங்கள்ல ஃபேனே கிடையாது, அப்பா அம்மாவுக்கு ஏசி காத்து நேரா மேல அடிச்சா ராத்திரி ரெண்டு மணிக்கு நிறுத்த சொல்லுவாங்க, நிறுத்தினா வேர்த்து கொட்டும். ஏசிய 27ல வச்சு ஃபேன மெதுவா ஓட விட்டா நிம்மதியா தூங்குவாங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர் ஏசிக்கும் எடுக்குமா, லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுமான்னும் கேளுங்க. காலை டிபன் என்னன்னு கேளுங்க, இந்த மாதிரி ஹோட்டல்ல ரொட்டி, க்ரோசான், ஆம்லெட், பழம்னு வைப்பாங்க, நல்லா இருக்கும், ஆனா ரெண்டாவது நாள் அவங்க இட்லி தேடுவாங்க, முந்தின நாள் ராத்திரியே சொன்னா செய்வாங்களான்னு கேட்டுக்கோங்க. குழாய் தண்ணி சில தெருவுல லேசா உப்பு கரிக்கும், குடிக்கறதுக்கு கேன் தண்ணி ரூம்லயே வைக்க சொல்லுங்க, ரெண்டு பேரும் மலைல பழகினபடி தாகம் எடுத்தா மட்டும் குடிப்பாங்க, அங்க அது பத்தாது, நீங்கதான் ஞாபகப்படுத்தணும்.

ஒருவேளை அந்த முற்றத்து வீட்டுல தரைத்தளத்து ரூம் உங்க தேதிக்கு இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா மாடி ரூமுக்கு ஒத்துக்காதீங்க, கடற்கரை ஹோட்டலுக்கும் மாறிடாதீங்க, அடுத்த வாரத்துக்கு தள்ளுங்க. ரூம் போட்டோவும் பாத்ரூம் வாசப்படி போட்டோவும் அவங்க அனுப்பினதும் எனக்கும் ஒண்ணு தட்டி விடுங்க, பாத்துட்டு சொல்றேன்.